சென்னைக் காற்று மாசு: உயிர்க்கணக்கும் பணக்கணக்கும் – எப்படிக் கணக்கிடுவது, எங்கே குறைப்பது

மயிலைக் கணக்கர்:

சென்னைக் காற்றைப் பற்றிப் பேச்செடுத்தாலே "டெல்லியைப் பாருங்க, நமக்குக் கடற்காற்று இருக்கு" என்று முடித்துவிடுகிறார்கள். இந்த இழையில் அந்தப் பதிலை ஓரமாக வைத்துவிட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு தாளும் கால்குலேட்டரும் போதும்.

முதலில் அளவுகோல். பி.எம். 2.5 எனப்படும், 2.5 மைக்ரானுக்கும் சிறிய நுண்துகளுக்கு இந்தியா 2009-ல் வைத்த வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராம், 24 மணி நேரச் சராசரி 60. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் திருத்திய வழிகாட்டு அளவு ஆண்டுக்கு 5, 24 மணி நேரத்துக்கு 15. சென்னையின் ஆண்டுச் சராசரி முப்பதை ஒட்டி நிற்கிறது. அரசுக் கோப்பில் தேர்ச்சி, நுரையீரலுக்கு ஆறு மடங்கு.

கணக்கு இப்படி:

1. ஆண்டுச் சராசரி 30. ஒப்பிடும் அடிமட்டம் 5. வித்தியாசம் 25.
2. ஒவ்வொரு 10 மைக்ரோகிராம் கூடும்போதும் பெரியவர்களின் இறப்பு ஆபத்து 8 சதவீதம் ஏறுகிறது. 2021 வழிகாட்டுதலுக்கு அடிப்படையான ஆய்வுத் தொகுப்பின் எண் இது (1.08).
3. 1.08-ஐ 2.5 என்ற அடுக்குக்கு உயர்த்தினால் 1.21.
4. (1.21 – 1) ÷ 1.21 = சுமார் 0.175. அதாவது இயற்கைக் காரணத்தால் நேரும் பெரியவர்களின் இறப்பில் 17.5 சதவீதம் இந்தக் கூடுதல் துகளின் பங்கு.
5. 10 லட்சம் மக்கள் உள்ள பகுதியில் ஆண்டுக்கு 6,000 பெரியவர்கள் இயற்கைக் காரணத்தால் இறக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், 1,050 பேர்.

அடிமட்டத்தை 5-க்குப் பதில் 40 என்று எடுத்தால் அதே ஊருக்கு விடை பூஜ்யம். காற்று மாறவில்லை, நுரையீரலும் மாறவில்லை. கோட்டை எங்கே போடுகிறோம் என்பது மட்டும் மாறுகிறது. நம் ஊர் இழப்பு கண்ணுக்குப் படாமல் போவதற்கு முதல் காரணம் இதுதான் என்பது என் கருத்து.

---

காற்றுமானி:

நல்ல தொடக்கம். ஆனால் அந்த 30-ஐ எப்படி எடுப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள், அதைச் சொல்லிவிடுகிறேன்.

செல்போன் செயலியில் தெரியும் ஏ.க்யூ.ஐ. (காற்றுத் தரக் குறியீடு) எண்ணைச் சராசரி எடுக்காதீர்கள். அது மைக்ரோகிராம் அல்ல. பல மாசுகளுக்குத் தனித்தனிக் குறியீடு போட்டு, அவற்றில் எது அதிகமோ அதை மட்டும் காட்டுவது. பி.எம். 2.5 அளவு 30 வரை "நல்லது", 31 முதல் 60 வரை "திருப்திகரம்" என்று இரண்டு பச்சை. 24 மணி நேரச் சராசரி 55 இருந்தாலும் திரை பச்சைதான், உலக சுகாதார நிறுவன அளவைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேல் இருந்தும். வருடம் முழுக்க பச்சையாகவே ஓடி, ஆண்டுச் சராசரி 45 வந்து நிற்கவும் முடியும்.

சரியான வழி: மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தரவுத் தளத்தில் நிலையத்தைத் தேர்ந்தெடுத்து (மணலி, மணலி கிராமம், ஆலந்தூர், வேளச்சேரி, கொடுங்கையூர், அரும்பாக்கம், பெருங்குடி, ராயபுரம் எல்லாம் உண்டு) மணிக்கணக்குத் தரவை இறக்குங்கள். பிறகு சுத்தம் செய்ய வேண்டும்.

ஒரே எண் ஐந்தாறு மணி நேரம் அசையாமல் நின்றால் கருவி சிக்கியிருக்கிறது, அந்த வரிசையை நீக்குங்கள். பூஜ்யம், எதிர்மறை எண், பக்கத்து நிலையங்கள் எல்லாம் 40 காட்டும்போது இங்கே மட்டும் 900 என்பதும் அப்படியே. ஒரு நாளில் 16 மணி நேரத் தரவாவது இல்லையென்றால் அந்த நாளைச் சேர்க்காதீர்கள். முக்கியமாக, விடுபட்ட நாட்கள் எந்த மாதத்தில் என்று பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் கருவி படுத்துவிட்டு ஜூன், ஜூலையில் ஓடியிருந்தால் ஆண்டுச் சராசரி பொய்யாகக் குறைந்து வரும். அதனால் முதலில் மாதச் சராசரி, பிறகு பன்னிரண்டு மாதங்களின் சராசரி. நேராக எல்லா நாளையும் கூட்டி வகுக்காதீர்கள்.

போகி அன்று அதிகாலையும் தீபாவளி இரவும் எண் வானத்துக்கு ஏறும், செய்தியிலும் வரும். ஆனால் அந்த இரண்டு நாளையும் நீக்கிவிட்டுச் சராசரி போட்டுப் பாருங்கள், பெரிதாக இறங்காது. மீதி 363 நாட்கள்தான் கணக்கைத் தீர்மானிக்கின்றன.

---

தொழிற்பேட்டை:

மயிலைக் கணக்கர் சார், 1,050 பேர் என்கிறீர்கள். எந்த இறப்புச் சான்றிதழிலாவது "காற்று மாசு" என்று எழுதியிருக்கிறதா? மாரடைப்பு, பக்கவாதம், நிமோனியா என்றுதான் இருக்கும். சர்க்கரை, பீடி, உப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் காற்றின் தலையில் கட்டுவது எப்படி நியாயம்? இன்னொன்று. சென்னையில் ஆண்டுக்கு 2,900 பேர் என்று 2024-ல் ஒரு ஆய்வு வந்தது. உங்கள் கணக்கை மாநகராட்சி முழுவதுக்கும் போட்டால் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது. எது உண்மை?

---

மூச்சுநலம்:

இரண்டும் நியாயமான கேள்விகள். முதலில் இரண்டாவது.

நீங்கள் சொல்லும் 2024 ஆய்வு லான்செட் குழுமத்தின் பிளானட்டரி ஹெல்த் இதழில் வந்தது. 2008 முதல் 2019 வரை சென்னை, டெல்லி, மும்பை, பெங்களூரு உட்பட 10 நகரங்கள். அது அளந்தது குறுகிய கால விளைவு: இரண்டு நாள் காற்று கெட்டால் அந்த நாட்களில் இறப்பு எவ்வளவு கூடுகிறது என்பது. 10 மைக்ரோகிராம் ஏற்றத்துக்கு 1.42 சதவீதம். அடிமட்டமும் வேறு, 24 மணி நேர அளவான 15. மேலே போட்ட கணக்கு ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பதன் விளைவு, அடிமட்டம் 5. நீண்ட கால எண் எப்போதும் பெரிதாகவே வரும். இரண்டையும் கூட்டக் கூடாது, ஒன்றின் பகுதி மற்றொன்றுக்குள் இருக்கிறது.

அந்த ஆய்வில் நம் ஊருக்கு இன்னும் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. காற்று ஓரளவு சுத்தமாக உள்ள சென்னை, பெங்களூரு, சிம்லா போன்ற ஊர்களில் ஒவ்வொரு கூடுதல் மைக்ரோகிராமுக்கும் விளைவு செங்குத்தாக ஏறுகிறது. அளவு மிக அதிகமான இடங்களில் கோடு சாய்ந்து படுத்துவிடுகிறது. 30-லிருந்து 20-க்கு இறக்குவதால் காப்பாற்றப்படும் உயிர்கள், 130-லிருந்து 120-க்கு இறக்குவதைவிட அதிகம். "டெல்லியைவிடப் பரவாயில்லை" என்று சும்மா இருப்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

இப்போது சான்றிதழ். 2.5 மைக்ரானுக்குக் கீழான துகள் மூக்கு முடியிலும் மூச்சுக்குழல் சளியிலும் சிக்காமல் நுரையீரலின் காற்றறைவரை போகிறது. அங்கே அழற்சியைக் கிளப்புகிறது. அழற்சிப் பொருள்கள் ரத்தத்தில் கலந்து, ரத்தக்குழாயின் உட்சுவரைக் கெடுத்து, உறையும் தன்மையைக் கூட்டுகின்றன. அதனால்தான் காற்று மாசின் இறப்புகளில் பெரும்பகுதி ஆஸ்துமா வார்டில் விழாமல் இதய வார்டிலும் பக்கவாத வார்டிலும் விழுகிறது. சான்றிதழில் எழுதப்படுவது கடைசியாக நின்றுபோன உறுப்பின் பெயர். புகைபிடித்தல் பற்றியும் சான்றிதழில் பெரும்பாலும் எழுதுவதில்லை. அதற்காகப் புகையால் யாரும் சாகவில்லை என்று நாம் சொல்வதில்லையே. நல்ல ஆய்வுகளில் புகை, வயது, எடை, வருமானம் எல்லாவற்றையும் சரிக்கட்டிய பிறகு மிஞ்சுவதைத்தான் காற்றின் பங்காக எடுக்கிறார்கள்.

சர்க்கரையைக் காற்றிலிருந்து பிரிக்கவும் முடியாது. சென்னையிலும் டெல்லியிலும் சுமார் 12,000 பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வு 2023-ல் வந்தது. ஆண்டுச் சராசரி பி.எம். 2.5 ஒவ்வொரு 10 மைக்ரோகிராம் கூடும்போதும் இரண்டாம் வகை நீரிழிவு ஆபத்து 22 சதவீதம் அதிகம். தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள் 1,285 பேரைப் பின்தொடர்ந்து 2018-ல் வெளியான ஆய்வில், அதே 10 மைக்ரோகிராமுக்குப் பிறப்பு எடை 4 கிராம் குறைவு, எடை குறைந்த குழந்தைகளின் விகிதம் 2 சதவீதம் அதிகம். 4 கிராம் தனி ஒரு குழந்தைக்கு ஒன்றுமில்லை. 2,500 கிராம் கோட்டை ஒட்டிப் பிறக்கும் ஆயிரக்கணக்கான குழந்தைகளை அது கோட்டுக்குக் கீழே தள்ளுகிறது.

---

லூயிஷம் தமிழன்:

சான்றிதழ் பற்றிய கேள்விக்கு இங்கே லண்டனில் ஒரு பதில் கிடைத்தது. எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற 9 வயதுச் சிறுமி, லூயிஷத்தில் சவுத் சர்குலர் சாலை அருகே குடியிருந்தவர், கடும் ஆஸ்துமாவால் 2013 பிப்ரவரியில் இறந்தார். 2014 விசாரணையில் காற்று பற்றிப் பேச்சே இல்லை. தாய் விடாமல் போராடி, உயர் நீதிமன்றம் பழைய முடிவை ரத்து செய்து, 2020 டிசம்பரில் இரண்டாவது விசாரணையில் மரண விசாரணை அதிகாரி "காற்று மாசு வெளிப்பாடு" இறப்புக்குப் பங்களித்த காரணம் என்று பதிவு செய்தார். பிரிட்டனில் அப்படி எழுதப்பட்டது அதுவே முதல் முறை.

வழக்கைத் திருப்பிய சான்று எது என்று பாருங்கள். அந்தச் சிறுமி மருத்துவமனையில் சேர்ந்த தேதிகளையும் வீட்டுக்கு அருகில் இருந்த அளவீட்டு நிலையத்தின் பதிவுகளையும் ஒரு நுரையீரல் நிபுணர் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். இரண்டு பதிவும் இருந்ததால்தான் அது முடிந்தது. வடசென்னையின் எர்ணாவூரிலோ கத்திவாக்கத்திலோ ஒரு குழந்தைக்கு அதைச் செய்ய வேண்டுமென்றால், தேதி போட்ட டிஸ்சார்ஜ் சம்மரிகளைப் பெற்றோர் கோப்பாக வைத்திருக்க வேண்டும், பக்கத்தில் ஒழுங்காக ஓடும் நிலையமும் வேண்டும்.

---

மயிலைக் கணக்கர்:

பணக்கணக்குக்கு வருகிறேன். இங்கே இரண்டு முறைகள் உண்டு, அவற்றைக் கலந்தால் எல்லாம் குழம்பும்.

ஒன்று, உற்பத்தி இழப்பு முறை. இறந்தவர் உயிரோடு இருந்திருந்தால் மீதிக் காலத்தில் எவ்வளவு உற்பத்தி செய்திருப்பார் என்று கணக்கிட்டு, அதை இன்றைய மதிப்புக்குச் சுருக்குவது. 2019-ஆம் ஆண்டுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பங்கெடுத்த ஆய்வு இதைச் செய்தது: 16.7 லட்சம் இறப்புகள் (மொத்த இறப்பில் 17.8 சதவீதம்), 3,680 கோடி டாலர், அதாவது சுமார் 2,60,000 கோடி ரூபாய், நாட்டு உற்பத்தியில் 1.36 சதவீதம். அதில் 2,880 கோடி டாலர் அகால இறப்பால், 800 கோடி டாலர் நோயால். இந்த 16.7 லட்சத்தில் விறகடுப்புப் புகையும் அடக்கம் என்பதை மறந்துவிட வேண்டாம். வெளிக்காற்றின் துகள் மட்டும் என்றால் சுமார் 9.8 லட்சம்.

மற்றது, உயிரின் புள்ளியியல் மதிப்பு முறை. இறப்பு ஆபத்தைச் சற்றுக் குறைக்க மக்கள் எவ்வளவு செலவழிக்கத் தயாராக இருக்கிறார்கள் என்பதிலிருந்து கட்டப்படுவது. உலக வங்கி 2019-க்கு உலகம் முழுவதும் இந்த முறையில் போட்டபோது 8.1 லட்சம் கோடி டாலர், உலக உற்பத்தியில் 6.1 சதவீதம்.

1.36-க்கும் 6.1-க்கும் நடுவே உள்ள இடைவெளியைக் காட்டி "ஏதோ ஒன்று பொய்" என்பார்கள். முன்னது இந்தியா, பின்னது உலகம் என்பது ஒருபுறம். அதைவிடப் பெரிய காரணம், முன்னது வருமானத்தை அளக்கிறது, பின்னது ஆபத்தைத் தவிர்க்க மனிதர் தரும் மதிப்பை அளக்கிறது. உற்பத்தி முறையில் வேலையை விட்டு ஓய்ந்த 72 வயதுப் பாட்டியின் இறப்பு ஏறக்குறைய செலவே இல்லாததாக வரும். மாசால் அதிகம் இறப்பது அந்த வயதினர்தான். ஆகவே 1.36 என்பதைக் குறைந்தபட்ச அளவாக எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது முறையிலும் குறை உண்டு: பணக்கார நாடுகளில் கிடைத்த மதிப்பை வருமான விகிதத்தில் சுருக்கி இங்கே கொண்டுவருகிறார்கள், ஏழை நாட்டு உயிர் மலிவாகிவிடுகிறது. எதைப் பயன்படுத்தினாலும் ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள். புள்ளியியல் மதிப்பையும் போட்டு, அதன்மேல் இழந்த சம்பளத்தையும் கூட்டுவது இரட்டை எண்ணிக்கை.

இரண்டிலும் ஏறாத செலவு ஒன்று இருக்கிறது. பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகளும் முதல்வரின் காப்பீட்டுத் திட்டமும் உள்நோயாளிச் சிகிச்சைக்குத்தான். ஆஸ்துமாக்காரரின் செலவோ வெளிநோயாளிச் சீட்டு, இன்ஹேலர், நெபுலைசர் மருந்து, ஆட்டோ, போன கூலி. நாள் கூலி 800 ரூபாய், மாதம் ஒரு நாள் வேலைக்குப் போக முடியவில்லை என்று வைத்தாலே ஆண்டுக்கு 9,600. சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு உள்ளவருக்கு இது பூஜ்யம். மூட்டை தூக்குபவருக்கு, ஆட்டோ ஓட்டுபவருக்கு, தெருக் கூட்டும் ஒப்பந்தப் பணியாளருக்கு ஒரு மாதச் சம்பளத்தில் பாதி. மாசு அதிகமான தெருவில் நிற்பவரும் இவர்தான்.

வேலைக்கு வந்தவரின் வேகமும் குறைகிறது. சீனாவின் ஒரு கால் சென்டரில் காற்று மாசுக் குறியீடு 10 புள்ளி ஏறினால் ஊழியர் ஒரு நாளில் எடுக்கும் அழைப்புகள் 0.35 சதவீதம் குறைந்தன, இத்தனைக்கும் கட்டடத்துக்குள் உட்கார்ந்து செய்யும் வேலை. பெங்களூரு ஆடைத் தொழிற்சாலைகளிலும் துகள் ஏறிய நேரத்தில் தையல் வரிசையின் திறன் குறைந்ததை அளந்திருக்கிறார்கள். இதை மருத்துவமனைக் கணக்கில் தேடினால் கிடைக்காது.

---

தொழிற்பேட்டை:

முறை புரிகிறது, நன்றி. ஆனால் செலவின் மறுபக்கத்தையும் வையுங்கள். வடசென்னை அனல்மின் நிலையங்கள் நின்றால் மின்வெட்டு. கந்தக வடிகட்டி போட்டால் யூனிட் விலை ஏறும். நம் நிலக்கரியில் கந்தகமே குறைவு என்றுதானே 2025-ல் மத்திய அரசு தளர்வு கொடுத்தது?

---

கொதிகலன்:

அனல்மின் துறைக்காரனாகப் பதில் சொல்கிறேன்.

2015 டிசம்பரில் வந்த அறிவிக்கை, 2004 முதல் 2016 வரை நிறுவிய 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள அலகுகளுக்குக் ஒரு கன மீட்டர் புகையில் கந்தக டை ஆக்சைடு 200 மில்லிகிராம், துகள் 50 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. 2017-க்குள் முடிய வேண்டிய வேலை, கெடு நீண்டுகொண்டே போனது. 2025 ஜூலையில் நிலையங்களை மூன்றாகப் பிரித்தார்கள். டெல்லித் தலைநகர் வட்டாரம் அல்லது 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருந்தால் 2027 இறுதிக்குள் கட்டாயம். கடும் மாசுப் பகுதி அல்லது தரம் எட்டாத நகரத்தின் அருகே என்றால் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு. மீதிப் பெரும்பாலானவற்றுக்கு விலக்கு. ஆகவே எந்த நிலையம் எந்தப் பிரிவில் போடப்பட்டிருக்கிறது என்பதுதான் இப்போதைய கேள்வி. 10 கிலோமீட்டரை நகர எல்லையிலிருந்து அளக்கிறார்களா, நடுவிலிருந்தா என்று பாருங்கள்.

கந்தகம் குறைவு என்பது உண்மை, அரை சதவீத அளவுதான். ஆனால் அந்தக் குறைவே இன்னொரு தொல்லை. சாம்பல் மின்சாரத்தைக் கடத்துவது குறைகிறது, நிலைமின் வீழ்படிவி (புகையிலுள்ள சாம்பலுக்கு மின்னேற்றித் தகட்டில் பிடிக்கும் கருவி) சாம்பலை இழுப்பது சிரமமாகிறது, தகட்டில் படிந்த சாம்பலுக்குள்ளேயே மின்பொறி எழும்பி, பிடித்த சாம்பல் திரும்பக் காற்றில் கலக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. 500 மெகாவாட் அலகு முழுச் சுமையில் ஒரு நாளைக்குச் சுமார் 8,000 டன் நிலக்கரி எரிக்கும். சாம்பல் 35 சதவீதம் என்றால் 2,800 டன். அதில் எண்பது சதவீதம் புகையோடு மேலே போகும் பறக்கும் சாம்பல், 2,240 டன். வீழ்படிவி 99.9 சதவீதம் பிடித்தால் புகைபோக்கியில் வெளியேறுவது நாளைக்கு 2.2 டன். வீழ்படிவிக்குள் வரிசையாக உள்ள பகுதிகளில் (புலங்கள் என்போம்) ஓரிரண்டு பழுதாகி 99.5-க்கு இறங்கினால் 11 டன். அறிக்கையில் 99.9-ம் 99.5-ம் ஒன்றுபோலத் தெரியும், கீழே இருப்பவருக்கு ஐந்து மடங்கு. தப்புவதில் மிக நுண்ணியது அதிகம், அதுதான் வீழ்படிவிக்குப் பிடிக்கக் கடினம்.

கந்தகம் வாயுவாக வெளியேறினாலும் பல மணி நேரம், சில நாட்களில் அம்மோனியாவோடு சேர்ந்து சல்பேட் துகளாகிறது. அதுவும் பி.எம். 2.5. ஆகையால் "வாயுவைப் பிடிப்பதால் துகள் குறையாது" என்பது தவறு. செலவும் சும்மா இல்லை: சுண்ணாம்புக்கல் முறையில் நிலையம் தன் மின்சாரத்தில் ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் அதற்கே தர வேண்டும், ஜிப்சம் சேரும், சிமென்ட் ஆலைக்கு அனுப்ப வேண்டும். கடலோரத்தில் கடல்நீரால் கழுவும் முறையும் உண்டு, ஆனால் எண்ணூர் கழிமுகம் ஏற்கெனவே படும் பாட்டில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். என் வரிசை: முதலில் வீழ்படிவியின் எல்லாப் புலங்களும் ஓட வேண்டும், அதற்குப் புது முதலீடு குறைவு. பிறகு கந்தகம்.

---

எண்ணூர்க்கரை:

கடற்காற்று காப்பாற்றும் என்பதற்கு ஒரு திருத்தம். தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று வடசென்னைப் புகையைக் கடலுக்குத் தள்ளுகிறது, அதுவரை சரி. ஜனவரி, பிப்ரவரியில் காற்று வடகிழக்கு. அதே புகை நகரத்தின் மேல் வருகிறது, காலையில் புகை கலந்து பரவும் காற்றடுக்கு தாழ்ந்திருப்பதால் மேலே போகவும் வழியில்லை.

நண்பகலில் கடற்காற்று உள்ளே வரும்போது நடப்பது இன்னும் கவனிக்க வேண்டியது. கடலிலிருந்து வரும் குளிர்ந்த காற்றில் உயரமான புகைபோக்கியின் புகை கலையாமல் ஒரு பட்டையாக நிலத்தை நோக்கி நகரும். நிலம் சூடாக இருப்பதால், கரையிலிருந்து உள்ளே போகப் போகக் கொந்தளிக்கும் அடுக்கு உயர்ந்துகொண்டே வரும். சில கிலோமீட்டர் தாண்டி அந்த அடுக்கு புகைப் பட்டையைத் தொட்டதும் மொத்தப் புகையும் தரைக்கு இழுத்து இறக்கப்படும். புகைபோக்கிக்குக் கீழே காற்று சுத்தமாகத் தெரியும், உள்ளே தள்ளி இருக்கும் குடியிருப்பில் கண் எரியும். நிலையத்தின் மதில் ஓரத்தில் கருவி வைத்துவிட்டு "பாதிப்பில்லை" என்று எழுதும் அறிக்கைகளை இந்தக் காரணத்துக்காகவே ஏற்கக் கூடாது.

சாம்பல் குட்டை காய்ந்தால் பறப்பது, தார்ப்பாய் கட்டாத சாம்பல் லாரி, எண்ணூர் விரைவுச் சாலையில் இன்ஜினை அணைக்காமல் நிற்கும் கன்டெய்னர் வரிசை எல்லாம் தனிக் கணக்கு. அவற்றின் புகை தரையிலிருந்து ஒரு ஆள் உயரத்திலேயே வருவதால் ஒரு கிலோ துகளுக்கு மூச்சில் போகும் பங்கு புகைபோக்கியைவிடப் பல மடங்கு.

---

காற்றுமானி:

பணம் எங்கே போகிறது என்பதையும் சேர்த்துவிடுகிறேன். தேசியத் தூய காற்றுத் திட்டம் 2019 ஜனவரியில் தொடங்கியது. அறிவியல், சுற்றுச்சூழல் மையம் 2024-ல் ஆராய்ந்தபோது, செலவான நிதியில் 64 சதவீதம் சாலைப் புழுதிக்கு: தார் போடுவது, தண்ணீர் தெளிப்பது, பெருக்கும் இயந்திரம். திறந்தவெளி எரிப்புக்கு 14.51, வாகனத்துக்கு 12.63, தொழிற்சாலைக்கு 0.61.

காரணம் எளிது. நகரத்தின் தேர்ச்சியைப் பி.எம். 10 (10 மைக்ரான் வரையான துகள்) வைத்து மதிப்பிடுகிறார்கள். சாலைப் புழுதியில் பெரும்பகுதி பருமனான துகள். அதைக் குறைத்தால் பி.எம். 10 இறங்கும், மானியம் வரும், ஆளைக் கொல்லும் நுண்துகள் அதிகம் அசையாது. மதிப்பீட்டைப் பி.எம். 2.5-க்கு மாற்றினாலே பணத்தின் திசை மாறும்.

---

வேளச்சேரி வாசகி:

தொடர்ந்து படித்து வருகிறேன், எல்லோருக்கும் நன்றி. வீட்டில் 6 வயதுப் பிள்ளைக்கு வீசிங். ஊர்க் காற்று மாறும்வரை வீட்டுக்குள் என்ன செய்வது? ஏர் பியூரிஃபையர் வாங்கினால் பயன் உண்டா? ஏ.சி. போட்டால் போதும் என்கிறார்களே?

---

மூச்சுநலம்:

அம்மா, முதலில் இலவசமானவை. கொசுவர்த்திச் சுருளை நிறுத்துங்கள். ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று அளந்திருக்கிறார்கள். ஜன்னலுக்கு வலை, கட்டிலுக்குக் கொசுவலை. சாம்பிராணி, ஊதுபத்தி பிள்ளை படுக்கும் அறையில் வேண்டாம். வறுக்கும்போது சமையலறை எக்ஸாஸ்ட் ஓடட்டும், முடித்த பிறகும் பத்து நிமிடம்.

ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே எடுப்பதில்லை. அதன் வலை தூசியையும் முடியையும் பிடிக்கும், நுண்துகளைப் பிடிக்காது.

பியூரிஃபையர் வாங்குவதென்றால் ஒரே கணக்கு. 10 × 12 அடி அறை, உயரம் 10 அடி என்றால் 1,200 கன அடி, அதாவது 34 கன மீட்டர். மணிக்கு ஐந்து முறை காற்று வடிகட்டப்பட வேண்டும்: 34 × 5 = 170. அட்டைப்பெட்டியில் சி.ஏ.டி.ஆர். (கருவி தரும் சுத்தக் காற்றின் அளவு) மணிக்கு 170 கன மீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். அந்த எண் முழு வேகத்துக்கானது. இரவில் சத்தம் தாங்காமல் பாதி வேகத்தில் வைப்பீர்கள், அதனால் 250 அளவில் வாங்குவது நல்லது. ஓசோன் வெளிவிடும் அயனியாக்கி வகை வேண்டவே வேண்டாம், வீசிங் கூடும். 40 வாட் கருவி 10 மணி நேரம் ஓடினால் நாளைக்கு 0.4 யூனிட், மாதம் 12 யூனிட். உண்மையான செலவு மாற்று ஃபில்டர். வாங்கும் முன் அதன் விலையையும் இங்கே கிடைக்கிறதா என்பதையும் கேளுங்கள். ஃபில்டர் அடைத்துப்போன கருவி விளக்கு எரியவிட்டபடி சும்மா சுற்றிக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம்விட முக்கியமானது மருந்து. மூச்சு இரைக்கும்போது மட்டும் நீல இன்ஹேலர் என்று பல வீடுகளில் ஓடுகிறது. அது குழாயை விரிக்கும், அழற்சியைக் குறைக்காது. அடிக்கடி இரைப்பு வரும் பிள்ளைக்குத் தினசரி தடுப்பு இன்ஹேலர் தேவையா என்று உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் கூடு) இல்லாமல் கொடுத்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையில் ஒட்டிவிடும். 6 வயதில் வாய்க்குழல் வைத்த ஸ்பேசரைப் பழக்கலாம். மாதச் செலவு கூடியதுபோலத் தெரியும், ஒரு முறை ஐ.சி.யூ.வில் சேர்ப்பதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

மாஸ்க் என்றால் தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை உள்ள என்-95. காது வளையம் வைத்தது கன்னத்தில் இடைவெளி விடும். குழந்தை முகத்துக்குப் பொருந்துவது அரிது. வாயுவை எந்த என்-95-ம் தடுக்காது.

---

காற்றுமானி:

சின்ன சென்சார் வாங்கி வீட்டில் மாட்டுபவர்களுக்கு ஒன்று. லேசர் ஒளிச்சிதறல் வகை, ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் கூடுதலாகக் காட்டும். கடலுப்பும் சல்பேட்டும் நீரை உறிஞ்சி ஊதிப் பெரிதாவதால். சென்னையில் விடியற்காலை எண் உயர்வதில் ஒரு பகுதி இதுதான். அரசு நிலையக் கருவி உள்ளிழுக்கும் காற்றைச் சூடாக்கி உலர்த்திவிட்டு அளக்கிறது. இரண்டு வாரமாவது ஒரு நிலையத்தின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, ஈரப்பதத் திருத்தம் போட்ட பிறகே எண்ணை வெளியில் சொல்லுங்கள். திருத்தாத எண்ணோடு புகார் கொடுத்தால் முதல் கேள்வியிலேயே தள்ளிவிடுவார்கள்.

---

தொழிற்பேட்டை:

கொதிகலன் சொன்ன 99.9, 99.5 விஷயம் எனக்குப் புதிது. எந்த நிலையத்தில் எத்தனை புலம் ஓடுகிறது என்று பொதுமக்கள் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?

---

எண்ணூர்க்கரை:

இருக்கிறது சார். தமிழ்நாடு மாசு கட்டுப்பாடு வாரியத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஆர்.டி.ஐ. மனு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள்:

– காற்றுச் சட்டம் 1981-ன் கீழ் அந்த நிலையத்துக்குத் தந்த இசைவாணை, நிபந்தனைகளுடன்.
– ஒவ்வொரு புகைபோக்கிக்கும் கடந்த 12 மாதத் தொடர் கண்காணிப்புத் தரவு, 15 நிமிட இடைவெளியில், சராசரி ஆக்காமல்.
– வீழ்படிவிப் புலங்கள் நிறுத்தப்பட்ட தேதி, நேரம் பற்றி நிலையம் அனுப்பிய அறிக்கைகள். அப்படி அறிக்கை எதுவும் பெறப்படவில்லை என்றால் அதையே எழுத்தில்.
– காரணம் கேட்டு அனுப்பிய நோட்டீஸ்களும் வந்த பதில்களும்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. தரவு வந்ததும் இரவு 10 முதல் காலை 5 வரையான வரிசையைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். சுமை மாறாமல் துகள் அளவு மட்டும் அந்த நேரத்தில் தாவினால் புலம் நிறுத்தப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. அதே நேரத்தில் மின் உற்பத்தி எவ்வளவு என்ற தரவையும் கேட்டு வாங்கி வைத்தால்தான் அந்த வாதம் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் நிற்கும்.

---

மயிலைக் கணக்கர்:

அந்தத் தரவு யாருக்காவது கிடைத்தால் இங்கே போடுங்கள், உயிர்க்கணக்காக மாற்றிக் காட்டுகிறேன். 30-லிருந்து 20-க்கு இறங்கினால் என்ன கிடைக்கும் என்று தனிமடலில் கேட்ட நண்பருக்கு: 1 – (1 ÷ 1.08) = 0.074. 10 லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 6,000 இறப்பு என்ற அதே அனுமானத்தில் சுமார் 440 உயிர்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் காற்றுத் தர வாழ்நாள் குறியீட்டின்படி அதே 10 மைக்ரோகிராம் ஒருவருக்குச் சராசரியாக 0.98 ஆண்டு ஆயுள். அந்த 440-ஐ உங்கள் வார்டின் மக்கள்தொகைக்கு ஏற்ற விகிதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.